பௌர்ணமிச் சோற்றின் புகை

இந்நாட்டு வீடுகளில் தலைவாயிற் கதவைத் திறந்தவுடன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குறுகிய அலமாரி இருக்கும். எரிவாயு, மின்சாரம், தண்ணீர் ஆகிய மூன்றின் மீட்டர்களும் அதற்குள் குடியிருக்கின்றன. டச்சு மொழியில் அதற்கு மேட்டர்காஸ்ட் என்று பெயர். நெதர்லாந்தின் டெவென்டர் நகருக்கு நாங்கள் வந்து சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, என் மனைவி சரோஜா அந்த அலமாரியின் கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள். எங்களை இங்கே அழைத்து வந்த மகன் குமரன், மாலையில் வேலை முடிந்து வந்து பார்த்துத் திகைத்தான். "அம்மா, அது மீட்டர் பொட்டிம்மா" என்றான். "வாசக்கால்கிட்ட இருக்குது. உள்ள இன்னாவோ ராவும் பகலும் சுத்திக்கினே இருக்குது. சாமி இல்லன்னா அத்த எதுக்குடா தலைவாசல்ல வெப்பாங்க?" என்றாள் அவள். பூசிய மஞ்சள் அப்படியே நின்றது, வெள்ளிதோறும் புதுப்பிக்கவும்பட்டது. சில ஆண்டுகள் கழிந்து இன்று எண்ணிப் பார்க்கையில், இந்நாட்டாரின் உள்ளத்தை எங்கள் எல்லோருக்கும் முன்னதாக அவளே கண்டுகொண்டாள் என்று தோன்றுகிறது. இவர்கள் தம் மீட்டரை நோக்கும் பார்வையில் உள்ள பயபக்தியை நான் இங்கே வேறெதன் முன்பும் கண்டதில்லை.

அந்தப் பக்தியின் முழு அளவை, எங்கள் தெருவுக்கு மரீக்கே என்ற இளம்பெண் வந்தபோதுதான் உணர்ந்தேன். நகராட்சியை இங்கே ஹெமேன்தெ என்பர். ஒவ்வொரு குடும்பமும் தன் அன்றாட வாழ்வினால் வானத்துக்கு எவ்வளவு கரியமில வாயுவை அனுப்புகிறது என்று அளந்து சொல்லும் பணியை ஹெமேன்தெ அவரிடம் ஒப்படைத்திருந்தது. விருப்பமுள்ள வீடுகள் சேரலாம். கோடை கழிந்தும், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்களை இன்னும் மூட்டாத சில வாரங்களை அதற்கெனத் தேர்ந்திருந்தனர். முடிவில் தெருவார் அனைவரும் கூடும் கூட்டத்தில், எந்த வீட்டின் புகை எவ்வளவு என்று திரையில் காட்டுவார்கள். ஆகக் குறைந்த வீட்டுக்குக் கைதட்டலும் ஒரு சிறு பரிசும் உண்டு. சென்ற ஆண்டு அந்தப் பரிசு எங்கள் பக்கத்து வீட்டு வில்லெமுக்குக் கிடைத்தது. பரிசு என்னவோ ஒரு துளசி போன்ற செடிதான். ஆயினும் அவர் அதைச் சன்னலில் வைத்திருந்ததை நான் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் செடி என் சன்னலுக்கு வரவேண்டும் என்று விரும்பினேன்.

மரீக்கே எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, மீட்டர்க் கதவின் குங்குமத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் மதிக்கும் பொருளுக்கு இவ்வாறு பொட்டிடுவோம் என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொல்லி வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "மெனேர், இந்தத் தெருவார் எல்லோரும் தங்கள் மீட்டரை இப்படி மதித்தால் நான் வேலையை விட்டுவிடலாம்" என்றார். மெனேர் என்றால் ஐயா. மீட்டருக்காக அன்று, வாசலுக்காக வைத்தது என்று திருத்த முயன்றேன்; அதற்குரிய சொற்கள் என்னிடம் இல்லை. நான் தடுமாறியதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மீட்டரை வழிபடும் குடும்பம் என்ற நற்பெயர் எங்களுக்கு முன்பாகவே அடுத்த வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் விளக்கிய முறை என்னை வெகுவாகக் கவர்ந்தது. அடுப்பிலும் விளக்கிலும் எரிவதோடு அவர் நிறுத்தவில்லை. உண்பது, உடுப்பது, ஊர்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புகை உண்டு என்றார். நான் அணிந்திருந்த பனியனைக் காட்டி, அது எங்கே செய்யப்பட்டது என்று வினவினார். திருப்பூர் என்றேன். "அப்படியானால் அந்த ஆலையில் எழுந்த புகையில் ஒரு பங்கு உங்களுடையது" என்றார். ஆலை முதலாளியுடையது ஆகாதா என்று கேட்டேன். "அவர் அதை யாருக்காக ஓட்டினார்? அணிபவருக்காக. எங்கே எரிந்தது என்று நாங்கள் பார்ப்பதில்லை, மெனேர். யாருக்காக எரிந்தது என்றே பார்க்கிறோம்." எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மீதியை நூல்நிலையத்திலும் பொட்டலம் கட்டும் காகிதங்களிலும் கற்றவன் நான். எனினும் நல்ல நியாயத்தைக் கேட்டால் அது நல்ல நியாயம் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கீழ்பென்னாத்தூர் அரிசி ஆலைகளின் கரும்புகையைப் பார்த்து, பேருந்துச் சன்னலை மூடிக்கொண்டு முகம் சுளித்த நாள்கள் நினைவுக்கு வந்தன. அன்று நான் சுளித்தது நான் உண்ட சோற்றைப் பார்த்துத்தான்.

மேலும், இவ்வகை அளவெடுப்பு எனக்குப் புதியதும் அன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை ஊருக்குள் நான் ஒரு விறகுக் கடை வைத்திருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியரம்மாவும் அவருடைய மாணவர்களும் ஜீப்பில் வந்து இறங்கினர். ஊரார் அடுப்பில் எரிப்பது எவ்வளவு, அதிலிருந்து எழும் வாயு எவ்வளவு என்று அறிவதே அவர்கள் நோக்கம். என் கடைத் தராசை இரவல் கேட்டனர். தராசோடு நானும் போனேன். அவர்கள் கையாண்ட முறை எளியது. காலையில் ஒரு கட்டு விறகை நிறுத்து அடுப்பருகில் வைத்துவிட்டு வருவது. மறுநாள் காலை எஞ்சியதை மீண்டும் நிறுப்பது. குறைந்த எடையே அந்த வீட்டின் ஒருநாள் செலவு. எங்கள் வீட்டிலும் பக்கத்துப் பச்சையம்மாள் வீட்டிலும் முதலில் வைத்தார்கள். வாயுவைப் பற்றியும் வானத்தைப் பற்றியும் பேராசிரியரம்மா பெண்களுக்கு அழகாக எடுத்துரைத்தார். அந்தக் கட்டைத்தான் எரிக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தியாக அது அவருக்குத் தோன்றியிருக்காது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கட்டு ஒரு சுள்ளியும் குறையாமல் அப்படியே இருந்தது. "ஏம்மா, நேத்து சமைக்கலையா?" என்று பேராசிரியரம்மா கேட்டார். "சமைக்காம பட்டினியாவா கெடப்போம்? சோறு, கொழம்பு, புள்ளைக்கு சுடுதண்ணி, எல்லாந்தான்" என்றாள் சரோஜா. "அப்ப இந்த விறகு?" "அது நீங்க நிறுத்து வெச்சதாச்சேம்மா. நிறுத்து வெச்ச பொருள தொடுவாங்களா?" விறகுக் கடைக்காரன் மனைவியிடம் வேறென்ன விடையை எதிர்பார்ப்பது? எங்கள் கடையில் எடை போட்டுக் கட்டி ஓரமாக வைத்தது, வாங்கியவர் வண்டி கொண்டு வரும்வரை அவருடையது. மழை வந்தாலும் அதிலிருந்து ஒரு கட்டையை உருவ மாட்டோம். நானும் கடையைப் பூட்டிவிட்டுத் தராசோடு போயிருந்தேன். ஆகவே அவள் பச்சையம்மாள் வீட்டில் வேலிகாத்தான் கட்டைகளை வாங்கி எரித்திருக்கிறாள். பச்சையம்மாளோ, கொடுத்தது போக மீதி போதாமல், நிறுத்து வைத்த கட்டையே பிரித்துவிட்டாள். அன்றைய கணக்கின்படி எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை. அவள் வீட்டிலோ கல்யாணச் சமையல் நடந்திருக்கிறது. பச்சையம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "என் வூட்டு வெறகுல ஆக்கி துன்னுட்டு, நல்ல பேரு மட்டும் அவளுக்கா? எழுதுங்கம்மா, நல்லா எழுதுங்க, பச்சையம்மாதான் ஊரு வெறகெல்லாம் எரிச்சவள்னு!" பேராசிரியரம்மா மரத்தடியில் அமர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்.

அதே ஆண்டுகளில்தான் பௌர்ணமி தோறும் மலை சுற்றுவோர் கூட்டம் பெருகத் தொடங்கியது. எங்கள் வீட்டு வாசல் பாதையை ஒட்டியிருந்தது. ஒரு பௌர்ணமியில், கைக்குழந்தையோடு நடந்து வந்த ஒருத்தி எங்கள் வாசலில் களைத்து அமர்ந்தாள். அவளுக்கு இட்ட சாம்பார் சாதத்தைக் கண்டு பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அடுத்த பௌர்ணமிக்குச் சரோஜா அண்டாவை ஏற்றினாள். அதன்பிறகு அவள் அதை நிறுத்தவே இல்லை. வேண்டுதல் என்று எதுவும் இல்லை. பௌர்ணமி என்றால் அண்டா ஏறும். வருவோர்க்குத் தொன்னையில் சோறு உண்டு. யார், எவ்வூர் என்று கேட்பதில்லை. நாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, உடைகளில் பாதியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலுமினிய அண்டாவைப் பெட்டிக்குள் வைத்தாள். விமான நிலையத்தில் அதிகாரி அதைத் திறந்து பார்த்து, உள்ளே ஏதும் இல்லை என்று கண்டு மேலும் ஐயுற்றது தனிக்கதை.

டெவென்டரில் நிலவைப் பார்ப்பது அரிது. இரவெல்லாம் மேகம் மூடியிருக்கும். ஆகவே வேங்கிக்காலில் இருக்கும் தன் தங்கை ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் தினசரி நாட்காட்டியைக் கொண்டே சரோஜா பௌர்ணமியை அறிகிறாள். வானத்தில் நிலவு இல்லாவிட்டாலும் தாளில் இருந்தால் போதும், அண்டா ஏறிவிடும். உண்ண வருவோர் மலை சுற்றிகள் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர் சிலர். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இலங்கைத் தமிழ் இளைஞர் சிலர். பின்னவர்களில் பலருக்குப் பெற்றோரும் மனைவி மக்களும் இன்னும் அங்கேயே இருக்கின்றனர். மழையில் நனைந்து சைக்கிளில் வருவார்கள், உண்பார்கள், அவரவர் ஊர்ப் பேச்சைச் சற்று உரக்கப் பேசிவிட்டுப் போவார்கள். இங்கே விருந்தினருக்குக் காப்பியோடு ஒரு பிஸ்கோத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடுவது மரியாதையான வழக்கம். அந்த டப்பா மூடும் ஓசைக்கு நான் பழகிவிட்டேன். ஆயினும் மாதத்தில் ஒரு நாளாவது மூடாத பாத்திரம் ஒன்று அந்தப் பிள்ளைகளுக்கு இருந்தது.

அளவெடுக்கும் வாரங்களுக்குள் ஒரு பௌர்ணமி வந்தது. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தவன் குமரன்தான். "அம்மா, இந்த ஒரு மாசம் மட்டும் வேணாம்மா. அண்டாவ ஏத்தினா கேஸ் எக்கச்சக்கமா ஓடும். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நம்ம வீட்டு கோடுதான் ஒசரமா நிக்கும். ஏற்கெனவே அந்த வீட்டுல சதா தாளிக்கற வாசனைன்னு பேசிக்கறாங்க." சன்னலில் வைக்க வேண்டிய செடியை நினைத்து நானும் அவன் பக்கம் சாய்ந்தேன். "ஒரு மாசம்தானே சரோஜா" என்றேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த புள்ளைங்க வந்து கதவ தட்டினா இன்னா சொல்றது? உள்ள மீட்டர் ஓடிடும், போங்கடான்னா?" "முன்னாடியே போன் பண்ணி சொல்லிடலாம்மா" என்றான் குமரன். "ஒரு தடவ வராதீங்கன்னு சொல்லிட்டா, அப்புறம் நீ வான்னாலும் கூச்சப்பட்டுக்கினு வராதுங்கடா." அவள் அச்சம் எனக்குப் புரிந்தது. சொந்தத் தம்பியின் கல்யாணத்தன்றும் விடாத வழக்கம் அது. அந்நிய மண்ணில் ஒரு மாதம் விட்டால் விட்டதுதான். பிறகு அந்த அண்டா துணி ஊறவைக்கத்தான் உதவும். கடைசியில், "சரி. அளவெடுத்து முடிக்கற வரைக்கும் நம்ம அடுப்புல அண்டா ஏறாது. போதுமா?" என்றாள். போதும் என்றோம். அவள் யாருக்கும் போன் செய்யவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

பௌர்ணமியன்று எங்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டி, நானும் குமரனும் வேறோர் ஊருக்கு ரயிலேறிப் போயிருந்தோம். மாலையில் திரும்பித் தெருமுனையில் கால் வைத்தபோதே சாம்பார் மணம் எதிர்கொண்டது. "அம்மா சொன்னத கேக்கலப்பா" என்றான் குமரன். கதவைத் திறந்தால் எங்கள் சமையலறை துடைத்து வைத்தபடி குளிர்ந்து கிடந்தது. மணம் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

வில்லெமைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், மாலையில் டப்பியிலிருந்து ஒரு சூப்பு. அவ்வளவே அவர் சமையல். சரோஜாவும் அவரும் வேலியின் இருபுறமும் நின்று நெடுநேரம் உரையாடுவர். இவள் தமிழில் பேசுவாள், அவர் டச்சில் பேசுவார். எதைப் பற்றி என்று இருவரையும் தனித்தனியே கேட்டால் இருவேறு விடைகள் கிடைக்கும். அவருடைய சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் நுழைந்தபோது, அவருடைய அடுப்பில் எங்கள் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மேசையருகே அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி, கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வடிய, "லெக்கர்!" என்றார். சுவையானது என்று பொருள்.

"இன்னா சரோஜா இது?" என்றேன்.

"சொன்னேன் இல்ல, நம்ம அடுப்புல ஏறாதுன்னு? ஏறல."

"அம்மா, இவரு வீட்டையுந்தாம்மா அளக்கறாங்க!" என்றான் குமரன்.

அவள் கரண்டி நின்றது. "இவரையா? ஒண்டிக்கட்ட மனுஷன். இவர அளந்து இன்னா பண்ணப் போறாங்க?"

நடந்ததை வில்லெம் கைச்சாடையாலும் சொல்லாலும் விளக்கினார். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வேலியருகே நின்று சரோஜா அவருடைய சமையலறையைச் சுட்டிக் காட்டியிருக்கிறாள். எங்கள் அடுப்பு பழுதாகிவிட்டது என்று எண்ணிய அவர், கருவிப் பெட்டியோடு ஓடி வந்து எங்கள் அடுப்பைத் திருகிப் பார்த்திருக்கிறார். நீலச் சுடர் நன்றாகவே எரிந்தது. பழுதில்லாத அடுப்பை வைத்துக்கொண்டு இவள் ஏன் தன் அடுப்பைக் கேட்கிறாள் என்று அவருக்கு அப்போதும் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன என்று விட்டுவிட்டாராம். எனக்கோ அடி அண்ணாமலையில் இடுப்பில் கைவைத்து நின்ற பச்சையம்மாள் கண்முன் வந்தாள். அவளுடைய இடத்தில் இப்போது வில்லெம் அமர்ந்து வெங்காயம் உரிக்கிறார். வேறுபாடு, இவருக்குத் தாம் அவ்விடத்தில் இருப்பது தெரியாது.

பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் வீட்டில் நாற்காலிகள் போதாமல் வில்லெம் வீட்டிலும் அமர்ந்தார்கள். சுண்டல் ஒரு வீட்டிலும் சோறு ஒரு வீட்டிலுமாக, வேலியின் இடைவெளி வழியே கிண்ணங்கள் போய்வந்தன. வில்லெம் மேலும் கேட்டு வாங்கி உண்டார். காரம் தாளாமல் முகம் சிவந்து பாலைக் குடித்தார்; மீண்டும் உண்டார். இலங்கை இளைஞன் ஒருவன் அவருக்குக் கையால் பிசைந்துண்ணக் கற்றுக்கொடுத்தான். "அண்ணை, விரலால, உள்ளங்கை படக்கூடாது!" என்று அவன் தமிழில் அதட்டினான், அவரும் டச்சில் மன்னிப்புக் கேட்டார்.

அதன்பின் கூட்டம் வரையில் என் மனம் அமைதியாயில்லை. எங்கள் எரிவாயு மீட்டர் அந்த வாரம் அசைந்ததாகவே தெரியவில்லை. அந்த நற்பெயரை நான் எங்கே வைத்துக்கொள்வது? சென்ற ஆண்டு தெருவே கைதட்டிய மனிதரை, இந்த ஆண்டு அதே திரையில் ஊதாரி என்று காட்டப்போகிறோம். வேலியருகே அவரைக் கண்டு, "எங்கள் சமையல், உங்கள் மீட்டர், வருத்தம்" என்று எனக்கியன்ற டச்சில் சொன்னேன். நான் நன்றி கூறுவதாக அவர் புரிந்துகொண்டார். "நன்றிக்கு நன்றி, மெனேர்" என்று என் கையைக் குலுக்கினார். குமரனை அழைத்துப் பேசச் சொல்லலாம் என்றால், அவனோ, "கூட்டத்துலயே சொல்லிடலாம்ப்பா. நாந்தானே ஆரம்பிச்சேன்" என்றான். அவன் முகத்திலும் கலக்கம் இருந்தது.

தெருவின் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினோம். சரோஜா பட்டுச்சேலை உடுத்தி வந்திருந்தாள். கூட்டம் என்றாலே ஏதோ சுபகாரியம் என்பது அவள் கருத்து. மரீக்கே ஒவ்வொரு வீட்டையும் வண்ணக் கோடுகளாகத் திரையில் காட்டினார். வில்லெமின் வீடு வந்தது. எரிவாயுக் கோடு வாரக்கணக்கில் தரையோடு தவழ்ந்து, ஒரே ஒரு வாரத்தில் திடீரென்று எழும்பி நின்றது. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "வில்லெம், தோட்டத்தில் வெந்நீர்க் குளம் வெட்டினாயா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். வில்லெம் தம் காதோரத்தைச் சொறிந்தார். நான் எழுந்து நின்றேன். குமரனும் எழுந்தான். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அவன் டச்சில் பெயர்த்தான்: அந்தப் புகை அவருடையது அன்று, எங்கள் வீட்டுப் பௌர்ணமிச் சோற்றின் புகை, தயைகூர்ந்து எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மரீக்கே சற்றுச் சிந்தித்தார். "எங்கள் விதி உங்களுக்குத் தெரியுமே, மெனேர். எங்கே எரிந்தது என்பதும், யார் மூட்டினார் என்பதும் பொருட்டல்ல. உண்டவர்களுக்குத்தான் அது சேரும். எத்தனை பேர் உண்டார்கள் என்று சொல்லுங்கள், பங்கிட்டுவிடலாம்." குமரன் இதைத் தாயிடம் தமிழில் கேட்டான். அவள் வாயில் கைவைத்தாள். "சாப்புடறவங்கள யார்னா எண்ணுவாங்களாடா? பந்தியில தலைய எண்ணினா சோறு கம்மியாப் பூடும். இருவது வருஷத்துக்கு மேல ஆக்கிப் போட்டுக்கினு இருக்கறேன், ஒரு நாளு எண்ணினது இல்ல. நீ எண்ணினியா?" "எண்ணலம்மா" என்றான் அவன். பின்பு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, எங்கள் வீட்டில் உண்பவர்களை எண்ணும் வழக்கம் இல்லை என்று டச்சில் சொன்னான். சதா தாளிக்கும் வாசனை என்று பேசுவோரை எண்ணிக் கலங்கியவன், அதைச் சொல்லும்போது தலைநிமிர்ந்து நின்றான். வகுப்பதற்கு எண் கிடைக்காமல் மரீக்கேயின் பேனா காற்றில் நின்றது.

அப்போது வில்லெம் எழுந்தார். அதிகம் பேசாத மனிதர். "யாருக்கும் மாற்ற வேண்டாம்" என்றார். "சென்ற ஆண்டு ஆகக் குறைவு என்று எனக்குக் கைதட்டினீர்கள். எப்படி அவ்வளவு குறைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு யாரும் வரவில்லை, அதுதான் காரணம். என் மனைவி அன்னெக்கெ போன பிறகு என் அடுப்பில் பெரிய பாத்திரம் ஏறியது இந்த ஒரு நாள். அந்தக் கோடு என்னுடையது. அப்படியே இருக்கட்டும்." அமர்ந்துவிட்டார். வெந்நீர்க் குளம் என்று சிரித்தவர் எழுந்து போய் வில்லெமுக்கு ஒரு காப்பி கொண்டு வந்து வைத்தார். மரீக்கே திரையைப் பார்த்தார். அந்தக் கோட்டைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குச் சென்றார். "அவரு இன்னா சொன்னாரு?" என்று சரோஜா கேட்டாள். குமரன் சொன்னான். "அடுத்த பௌர்ணமிக்கும் அவரு வூட்லயே ஆக்கலாமான்னு கேளு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த வீடு எங்களுடையது. எரிவாயுக் கோடு மிகத் தாழ்ந்திருந்தது. இறைச்சி உண்ணாமையால் உணவுக் கோடும் அப்படியே. எங்களிடம் காரும் கிடையாது. செடி என் கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது. பிறகு கடைசிக் கோடு எழுந்தது. எழுந்துகொண்டே போய்த் திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. அது அண்ணாமலையார் மலை போல மற்ற எல்லாவற்றையும் காலடியில் வைத்துக்கொண்டு நின்றது. மரீக்கே முதல் நாளே கேட்டு எழுதிக்கொண்ட, ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் ஊருக்குப் போய்வரும் விமானப் பயணம் அது. அண்டா எத்தனை ஏறினாலும் அதன் அடிவாரத்தைக்கூடத் தொடாது. பரிசுச் செடி தெருக்கோடியில் இருக்கும் ஆசிரியை வீட்டுக்குப் போயிற்று. எனக்கு ஏமாற்றம் உண்டாகவில்லை என்பதை வியப்போடு கவனித்தேன்.

கூட்டம் கலைந்தபின் மரீக்கேயிடம் ஓர் ஐயத்தைக் கேட்டேன். குடும்பத்துக்கு இப்படி எழுதுகிறீர்கள். நாடுகள் தம் மொத்தப் புகையை அறிவிக்கும்போது இந்த விமானப் புகையை எந்த நாட்டில் சேர்ப்பார்கள், உங்கள் நாட்டிலா, என் நாட்டிலா? அவர் புன்னகைத்தார். நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் புகையை எந்த நாடும் தன் மொத்தத்தில் சேர்ப்பதில்லையாம். தனியே ஓரத்தில் குறித்து வைப்பதோடு சரியாம். "அது நடுவில் இருக்கிறது, மெனேர்" என்றார். எங்களையும் நினைத்து வேண்டுமென்றே சொன்னாரா, டச்சுக்காரர் இயல்பாகச் சொல்வது அப்படித்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எங்கள் பௌர்ணமி இரண்டு வீட்டிலும் நடக்கிறது. சோறு எங்கள் அடுப்பில், சாம்பார் வில்லெம் அடுப்பில். அவர் வெங்காயம் உரிப்பதில் தேர்ந்துவிட்டார். நிறுத்தச் சொன்ன குமரனே பிள்ளைகளுக்குப் போன் செய்து, "வந்துடுங்கடா, லேட் பண்ணாதீங்க" என்கிறான். மீட்டர்க் கதவில் குங்குமம் இருக்கிறது. வில்லெம் வீட்டு மீட்டர்க் கதவிலும் ஒன்று இருக்கிறது. அவர் கேட்டு வாங்கிக்கொண்டது.

சென்ற பௌர்ணமியில் வானம் அதிசயமாகத் தெளிந்திருந்தது. கொதிக்கும் அண்டாவின் ஒரு காதை வில்லெமும் மறு காதை நானும் பிடித்துக்கொண்டு, அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வேலியின் இடைவெளியில் அவர் மூச்சு வாங்க நின்றார். அண்டாவை இறக்கி வைத்துவிட்டு நானும் நின்றேன். இடப்பக்கம் ஒரு சன்னல் ஒளிர்ந்தது, வலப்பக்கம் ஒரு சன்னல் ஒளிர்ந்தது. இரண்டிலும் தமிழ்ப் பேச்சு கேட்டது. மேலே முழு நிலவு. அடி அண்ணாமலையில் இந்நேரம் பாதையெங்கும் கால்கள் நடந்துகொண்டிருக்கும். நிலவுக்குக் கீழே ஒரு விமானம் வெண்கோடு இழுத்துக்கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றது. வில்லெம் அதைச் சுட்டிக் காட்டி, "உங்களுடையது" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். எந்த நாட்டிலும் சேராத அந்தக் கோடு கலையும்வரை இருவரும் பார்த்திருந்தோம். பின்பு, சோறு ஆறுகிறது என்று உள்ளிருந்து சரோஜா கூப்பிட, குனிந்து அண்டாவின் காதைப் பிடித்தோம்.